உத்ருஜ்ஜாவின் தோல்: ஒரு நறுமண எண்ணெயின் வரலாறும் நம் நாவின் அமானிதமும்

 

குர்ஆனை ஓதி வாழும் இறைநம்பிக்கையாளரை நபி (ஸல்) அவர்கள் 'உத்ருஜ்ஜா' என்னும் கனிக்கு ஒப்பிட்டார்கள். அதன் சுவையும் நன்று, மணமும் நன்று என்பது அவ்வுவமையின் கருத்து. ஓதாத நம்பிக்கையாளருக்கு மணமற்ற பேரீச்சம்பழமும், ஓதும் நயவஞ்சகனுக்கு மணமிருந்தும் கசக்கும் ரைஹான் செடியும், ஓதாத நயவஞ்சகனுக்குக் குமட்டிக்காயும் அதே ஹதீஸில் உவமைகளாக வருகின்றன. அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது.

மத்ரஸாவில் இந்தப் பாடம் நடந்த நாளில், "உத்ருஜ்ஜா என்பது எந்தப் பழம், ஹஜ்ரத்?" என்று ஒரு மாணவர் கேட்டார். தமிழில் சிலர் எலுமிச்சை என்கின்றனர், சிலர் நாரத்தை என்கின்றனர். உண்மையில் அது எலுமிச்சையினும் பெரியது. தோல் தடித்தது, சாறு குறைந்தது. நம் நாரத்தைக்கும் கடாரங்காய்க்கும் நெருங்கிய உறவு. மறுநாள் ஒரு நாரத்தங்காயை வகுப்புக்குக் கொண்டு சென்று, மெழுகுவர்த்தியின் சுடர் அருகே அதன் தோலை மடித்துப் பிதுக்கிக் காட்டினோம். கண்ணுக்குத் தெரியாத துளிகள் தெறித்துச் சுடரில் பொறியாய் வெடித்தன. பிள்ளைகள் வியந்தார்கள். பழத்தின் மணம் முழுவதும் அந்தத் துளிகளில்தான் இருக்கிறது. அதுவே தோலின் எண்ணெய்.

அந்த எண்ணெயின் வரலாற்றை எழுத நம்மைத் தூண்டியது பிள்ளைகளின் வியப்பு மட்டுமன்று. நாம் செய்த ஒரு தவறும் காரணமாகும். அதனை உரிய இடத்தில் சொல்வோம்.

இந்தியாவிலிருந்து புறப்பட்ட மரம்

நாரத்தை, எலுமிச்சைக் குடும்பத்தின் தாயகம் ஆசியா. அவற்றுள் முதலில் மேற்கே சென்றது உத்ருஜ்ஜாதான். கி.மு. 300 அளவில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ் அதனைப் பாரசீக நாட்டுக் கனி என்று அறிந்திருந்தார். துணிகளுக்கிடையே வைத்தால் பூச்சி அரிக்காது, வாய்க்கு நல்ல மணம் தரும் என்றும் குறித்துள்ளார். ஆகவே நபி (ஸல்) அவர்களின் காலத்தில் இக்கனி அரபுமக்களுக்குப் புதியதன்று. உவமை கேட்டோர் அதன் மணத்தை அறிந்தே கேட்டார்கள்.

கசப்பு ஆரஞ்சு பின்னரே வந்தது. பயணியும் வரலாற்றாசிரியருமான அல்மஸ்ஊதீ (மறைவு கி.பி. 956) அதன் வருகையைத் தெளிவாகப் பதிவு செய்கிறார். நாரஞ்ச் மரமும் உருண்டை வடிவ உத்ருஜ்ஜும் ஹிஜ்ரி 300க்குப் பின்னர் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு முதலில் ஓமானில் நடப்பட்டன. அங்கிருந்து பஸ்ராவுக்கும் இராக்கிற்கும் ஷாம் நாட்டிற்கும் பரவின என்கிறார். இந்தியாவில் அவற்றுக்கிருந்த மணமும் நிறமும் புதிய மண்ணிலும் நீரிலும் காற்றிலும் குன்றிவிட்டன என்ற கருத்தையும் சேர்க்கிறார். தம் நாட்டுக்கு வந்ததைப் போற்றும் வேளையிலும் பிறந்த மண்ணின் சிறப்பை மறைக்காத அந்த நேர்மை நம் சிந்தனைக்குரியது.

சொல்லும் பழத்துடனேயே பயணம் செய்தது. வடமொழியில் நாரங்கம், பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், ஸ்பானியத்தில் நரஞ்சா, இறுதியில் ஆரஞ்சு. இதன் வேர் நம் 'நாரத்தை' போன்ற திராவிடச் சொல்லில் இருப்பதாக மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். இனிப்பு ஆரஞ்சை மேற்கில் பரப்பியதில் போர்ச்சுகீசியருக்குப் பெரும் பங்குண்டு. அதனாலேயே அரபுமக்கள் இன்றும் அதனை 'புர்துகால்' என்று அந்நாட்டின் பெயராலேயே அழைக்கின்றனர். கொடுத்தவர் பெயரைச் சொல்லிப் பெற்றுக்கொள்வது மொழிகளின் இயல்பாக இருந்துள்ளது.

"அதில் எண்ணெயும் உண்டு"

இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 751, கி.பி. 1350) தம் 'ஸாதுல் மஆத்' நூலின் மருத்துவப் பகுதியில் ஒரு பழங்கதையை எடுத்துரைக்கிறார். பாரசீக மன்னர் ஒருவர் மருத்துவர் சிலர்மீது சினங்கொண்டு அவர்களைச் சிறையிலிட்டார். உணவுடன் ஒரேயொரு தொடுகறியைத் தேர்ந்துகொள்ளலாம். வேறெதுவும் கிடையாது என்றார். அவர்கள் உத்ருஜ்ஜைத் தேர்ந்தார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, பார்வைக்கு மகிழ்ச்சி, தோலில் நறுமணம், சதையில் கனி, புளிப்பில் தொடுகறி, விதையில் நச்சுமுறி, அத்துடன் அதில் எண்ணெயும் உண்டு என்று விடை கூறினார்களாம்.

அதே பகுதியில் தோலின் பயன்களையும் இமாம் தொகுக்கிறார். துணிகளிடையே வைத்தால் பூச்சி அண்டாது, வாயிலிட்டால் மணம் கமழும், உணவில் சேர்த்தால் செரிமானத்துக்கு உதவும். இவற்றுள் முதலிரண்டும் தியோஃபிராஸ்டஸ் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே குறித்தவை. வேறு சில பயன்களைக் 'கானூன்' ஆசிரியரான இப்னு ஸீனாவின் (கி.பி. 980–1037) பெயர் சொல்லியே இமாம் எடுத்தாள்கிறார். எது நபிமொழி, எது மருத்துவரின் கூற்று என்பது அவர் நூலில் தெளிவாகவே இருக்கிறது. அதனைக் கலக்குவது வாசிக்கும் நாமே.

இங்கே ஒரு சொல்லையும் கவனிக்க வேண்டும். பழைய அரபு மருத்துவ நூல்களில் வரும் 'துஹ்ன்' என்பது பொதுவாக எண்ணெய். ரோஜாவையோ ஊதாப்பூவையோ நல்லெண்ணெய் போன்றதொன்றில் ஊறவைத்து எடுப்பதும் துஹ்ன்தான். இன்று சிறு குப்பிகளில் விற்கப்படும் செறிவான நறுமண எண்ணெயும் அந்த ஊறல் எண்ணெயும் ஒன்றல்ல. பழைய நூலில் 'எண்ணெய்' என்று கண்டவுடன் கடையிலுள்ள குப்பியை நினைத்துக்கொள்வது பிழை.

வாலையின் கதை

இனி நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் ஒரு கூற்றுக்கு வருவோம்: "வாலையில் வடித்து நறுமண எண்ணெய் எடுக்கும் முறையை முதன்முதலில் கண்டுபிடித்தவர் இப்னு ஸீனா." நாமும் ஜும்ஆ பயானில் இதனைச் சொன்னதுண்டு. ஆனால் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

வாலை முஸ்லிம்களுக்கு முன்பே இருந்தது. கி.பி. 300 அளவில் எகிப்தில் வாழ்ந்த ஸோஸிமோஸ் வடிகலன்களை விவரித்துள்ளார். அக்கலனின் மூடியைக் குறித்த 'ஆம்பிக்ஸ்' என்ற கிரேக்கச் சொல்லே அரபியில் 'அல்இன்பீக்' ஆனது; அதுவே ஐரோப்பாவுக்குச் சென்று 'அலெம்பிக்' ஆயிற்று. முஸ்லிம் அறிஞர்களின் பெருமை அதனைக் கண்டுபிடித்ததில் இல்லை. ஒரு சிலரின் மறைவான கலையாக இருந்ததைப் பெருந்தொழிலாக வளர்த்து, முறைகளை எழுதி வைத்ததில் இருக்கிறது. கூஃபாவில் பிறந்து பக்தாதில் வாழ்ந்த அல்கிந்தீ (மறைவு கி.பி. 873 அளவில்) நறுமணங்களும் வடித்தலும் பற்றி எழுதிய நூலில் 107 செய்முறைகள் உள்ளன. இப்னு ஸீனா பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே அந்நூல் இருந்தது.

பன்னீர் அக்காலத்தில் அரசாங்கத்துக்கே வருவாயாயிருந்தது. அப்பாஸியர் கால வரிப்பட்டியல் ஒன்றை இப்னு கல்தூன் எடுத்தெழுதியிருக்கிறார். அதில் பாரிஸ் மாகாணம் 30,000 குப்பிப் பன்னீர் செலுத்தியதாகக் காணப்படுகிறது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அத்திமஷ்கீ, டமாஸ்கஸ் அருகிலுள்ள மிஸ்ஸாவில் ரோஜா வடிக்கும் உலைகளை விவரிக்கிறார். இத்தனை கைகள் உழைத்த வரலாற்றை ஒருவர் தலையில் சூட்டுவது, மற்றவர்களின் உழைப்பை மறைப்பதாகும். இப்னு ஸீனாவின் சிறப்புக்கு நம் மிகைக்கூற்று தேவையுமில்லை.

பகிர்ந்து வளர்ந்த அறிவு இது என்பதற்கு எலுமிச்சையே சான்று. ஸுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் மருத்துவரான இப்னு ஜுமைஃ ஒரு யூதர். எலுமிச்சையின் பயன்கள் குறித்துத் தனியொரு சிறுநூல் எழுதியவர் அவர். மாலகாவில் பிறந்து கி.பி. 1248இல் டமாஸ்கஸில் மறைந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார், அவருடைய எழுத்தைத் தம் பெருநூலில் சேர்த்துப் பாதுகாத்தார்.

தோலுக்கு வாலையினும் உற்ற வழி

ரோஜாவுக்கு வாலை உகந்தது. பழத்தோலுக்கோ அதனினும் உற்ற வழி பிழிவதுதான். இதன் காரணத்தை அறியத் தோலைக் கூர்ந்து நோக்க வேண்டும்.

தோலின் நிறமுள்ள மேற்பகுதியில் ஊசிமுனை அளவிலான எண்ணெய்ப் பைகள் நிறைந்துள்ளன. அதற்கடியில் பஞ்சு போன்ற வெள்ளைப் பகுதி. மேலே அழுத்தினால் பைகள் உடைந்து எண்ணெய் வெளிப்படும். நெருப்பே தேவையில்லை. நீராவியில் வடிக்கவும் முடியும். இவ்வெண்ணெயின் பெரும்பகுதியான லிமோனீன் 176 பாகையில்தான் கொதிக்கும். எனினும் நீருடன் சேரும்போது 100 பாகைக்குள்ளாகவே ஆவியாகி நீராவியோடு வந்துவிடும். ஆனால் அந்த வெப்பத்தில் மென்மையான மணக்கூறுகள் சிதைந்து, புதுப்பழத்தின் மணம் மங்கிவிடும். ஆகவே பழத்தோலைக் குளிர்நிலையில் பிழிவதே நிலைத்த முறையாயிற்று.

அம்முறை செழித்த இடம் இத்தாலியின் தென்கோடி. ஸிஸிலித் தீவில் முஸ்லிம்கள் கி.பி. 827இல் கால்வைத்தனர், 831இல் பலெர்மோ அவர்கள் வசமாயிற்று, 1091இல் அவர்களின் ஆட்சி முற்றுப்பெற்றது. அவர்கள் நட்ட கசப்பு ஆரஞ்சும் எலுமிச்சையும் ஆட்சி போன பின்னும் நின்றன. சொற்களும் நின்றன. நாரத்தை இனப் பூவை இன்றும் ஸிஸிலியர் 'ஸாகரா' என்கின்றனர்; அது அரபியின் 'ஸஹ்ர்'. தோட்டத்து நீர்த்தொட்டியை 'ஜெப்பியா' என்கின்றனர், அது 'ஜாபியா'. வாய்க்காலை 'ஸாயா' என்கின்றனர், அது 'ஸாகியா'. அரசர் பெயர்களை மறந்த மண், உழவரின் சொற்களை மறக்கவில்லை.

ஸிஸிலியிலும் கடலுக்கு அக்கரையான கலாப்ரியாவிலும் எண்ணெய் எடுக்கும் தொழில் கைத்திறனாக வளர்ந்தது. பழத்தை இரண்டாக வெட்டிச் சதையைக் கரண்டிக் கத்தியால் தோண்டி எடுப்பார்கள். தோலை நீரில் ஊறவைப்பார்கள். பின்னர் மண்கலத்தின்மேல் பொருத்திய கடற்பஞ்சில் அத்தோலை வைத்துக் கையால் அழுத்தித் திருகுவார்கள். பஞ்சு எண்ணெயை உறிஞ்சும். நிறைந்ததும் அதனைக் கலத்தில் பிழிவார்கள். நீர் கீழே தங்க, எண்ணெய் மேலே மிதக்கும். எலுமிச்சைக்கும் கசப்பு ஆரஞ்சுக்கும் கலப்பில் பிறந்த பெர்கமோட் பழத்தில் ஏறத்தாழ 200 கிலோவுக்கு ஒரு கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். ஒரு சிறு குப்பியின் பின்னே எத்தனை மணிக்கட்டுகள் வலித்திருக்கும் என எண்ணிப் பார்க்கலாம். 1844இல் கலாப்ரியாவின் நிகோலா பாரில்லா இதற்கென ஓர் இயந்திரம் அமைத்த பின்னரே அக்கைகளின் சுமை குறையத் தொடங்கியது. ஜெர்மனியின் கோலோன் நகரில் 1709இல் தொழில் தொடங்கிய ஃபரினாவின் புகழ்பெற்ற நறுமணநீருக்கும் இந்த பெர்கமோட் எண்ணெயே உயிர்நாடி.

இன்று பிரேஸில் போன்ற நாடுகளின் பழச்சாற்று ஆலைகளில், சாறு எடுக்கும்போதே தோலின் எண்ணெயையும் நீர்தெளித்துக் கழுவியெடுத்துச் சுழல் இயந்திரத்தில் பிரிக்கின்றனர். முறை பெரிதாயிற்று, அடிப்படை அன்றைய கடற்பஞ்சின் அடிப்படைதான்.

பயனும் தீங்கும்

இவ்வெண்ணெயால் மெய்யான பயன்கள் உண்டு. இனிப்பு ஆரஞ்சுத் தோலெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன். அது எண்ணெய்ப் பிசுக்கையும் பசையையும் கரைக்கும். ஆதலால் துப்புரவுப் பொருள்களில் பரவலாகச் சேர்க்கப்படுகிறது. உணவுக்கும் இனிப்புக்கும் மணமூட்டுகிறது. ஆரஞ்சு மணம் கமழும் பல் மருத்துவமனையில் காத்திருந்த பெண்களுக்குப் பதற்றம் குறைந்ததாக ஆஸ்திரிய ஆய்வொன்று 2000இல் வெளியானது. மணம் மனத்தை இதமாக்கும் என்பது நம் பாட்டிமார்களும் அறிந்ததே.

ஆனால் இதே எண்ணெய்க்கு மறுபக்கமும் உண்டு. நாம் முன்னர் சொல்வதாகக் கூறிய தவறு இங்கேதான் வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆ பயானில் உத்ருஜ்ஜா ஹதீஸை விளக்கிவிட்டு, அப்பழத்தோலின் எண்ணெய் உடலிலுள்ள வெண்திட்டுகளுக்கு நபிவழி மருந்து என்று கூறினோம். எங்கோ படித்தது, சரிபார்க்கவில்லை. நம் ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், புறங்கையில் இருந்த வெண்திட்டுக்காக ஒரு கடையில் 'சுன்னத்தான மருந்து' என்ற பெயரில் விற்ற எலுமிச்சைத் தோலெண்ணெயை வாங்கினார். எதுவும் கலக்காமல் அப்படியே பூசிக்கொண்டு லுஹருக்கு வெயிலில் நடந்து வந்தார். இரண்டே நாளில் கை சிவந்து கொப்புளித்தது. கொப்புளம் ஆறிய பின்னும் கருமை மாதக்கணக்கில் மாறவில்லை. அவர் நம்மைக் குறைசொல்லவில்லை. "நீங்கள் பயானில் சொன்னீர்களே ஹஜ்ரத், அதனால்தான் வாங்கினேன்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல் நமக்குப் போதுமானதாயிருந்தது.

பின்னர் நூலை எடுத்துப் பார்த்தோம். இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அங்கே எண்ணெயைச் சொல்லவேயில்லை. தோலை எரித்துக் கரித்ததைப் பூசுவது வெண்குட்டத்துக்கு நல்லது என்பதே அங்குள்ளது. அதுவும் நபிமொழியன்று, இப்னு ஸீனாவின் கூற்று. மூன்று சொற்களில் மூன்று பிழைகள் செய்திருந்தோம்.

மருத்துவர் விளக்கியது இது: பிழிந்தெடுத்த எலுமிச்சை, பெர்கமோட் எண்ணெய்களில் பெர்காப்டென் போன்ற பொருள்கள் உள்ளன. தோலில் அவை இருக்கும்போது வெயில் பட்டால் சுட்ட புண் போல் ஆகும். வாலையில் வடித்த எண்ணெயில் இப்பொருள்கள் ஆவியாகி வருவதில்லை, பிழிந்ததில்தான் வருகின்றன. மணத்தில் சிறந்த முறையே, தோலில் பூசுவதற்கு அதிக எச்சரிக்கை வேண்டும் முறையாக அமைந்துள்ளது.

இதில் நம்மை மேலும் வெட்கச் செய்தது ஒன்று. இதே வகைப் பொருள்கள் உள்ள 'ஆத்ரீலால்' என்னும் செடியின் விதையை வெண்திட்டுக்குக் கொடுத்து, நோயாளியை வெயிலில் அமரச் செய்யும் சிகிச்சையை இப்னுல் பைத்தார் பதிமூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துள்ளார். வெயிலில் எவ்வளவு நேரம், கொப்புளம் எழுந்தால் என்ன என்பன போன்ற விவரங்களோடு எழுதினார். 1940களில் எகிப்திய ஆய்வாளர்கள் அச்செடியிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து, இன்றைய ஒளிச்சிகிச்சைக்கு வழி திறந்தனர். நம் முன்னோர் செடியையும் வெயிலையும் அளவையும் சேர்த்து அறிந்திருந்தார்கள். நாம் அவர்கள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு அளவை விட்டுவிட்டோம்.

நூலின் மறுபக்கம்

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்தால், நேரும் தீங்குக்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்துடைய நபிமொழியை அபூதாவூத், நஸயீ, இப்னுமாஜா ஆகியோர் பதிவு செய்துள்ளனர். இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அதே மருத்துவப் பகுதியில் இந்த ஹதீஸை எடுத்துக்கொண்டு, யார் எப்போது ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்று விரிவாக ஆராய்கிறார். குப்பிகளில் அவர் பெயரை அச்சிட்டு விற்போர் இந்தப் பகுதியை அச்சிடுவதில்லை. மிம்பரில் நின்ற நாமும் அதைப் படித்துக் காட்டியிருக்கவில்லை. அடுத்த ஜும்ஆவில் அந்தப் பெரியவரின் அனுமதியோடு தவறைச் சொல்லித் திருத்திக்கொண்டோம்.

வீட்டுப் பயன்பாட்டுக்கு, அறிந்தவரை இவ்வளவு சொல்லலாம். உலர்ந்த நாரத்தை, எலுமிச்சைத் தோலைத் துணிப்பெட்டியில் வையுங்கள். பழையவர்கள் சொன்னது வீணன்று. தோலை வினிகரில் இரு வாரங்கள் ஊறவைத்து வடிகட்டினால் சமையலறைப் பிசுக்கைத் துடைக்க உதவும். கடையில் வாங்கும் செறிவான எண்ணெயைக் குடிக்காதீர்கள். நேரடியாகத் தோலில் பூசாதீர்கள். பூசிய கையோடு வெயிலில் செல்லாதீர்கள். இருண்ட நிறக் குப்பியில் இறுக மூடி, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். காற்றுப்பட்டுப் பழகிய எண்ணெய் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். நோய்க்கு மருத்துவரிடம் செல்லுங்கள்.

நபி (ஸல்) அவர்கள் உத்ருஜ்ஜாவை மருந்துச் சீட்டாகச் சொல்லவில்லை; ஓதுபவருக்கு உவமையாகச் சொன்னார்கள். மணம் வெளியே பரவுவது, சுவை உள்ளே இருப்பது. மார்க்கத்தின் பெயரால் நாம் பேசும் பேச்சும் அவ்வாறே. கேட்க இனிதாக இருந்து உள்ளே உண்மை இல்லாவிட்டால், அது உத்ருஜ்ஜாவாக இராது. மணமிருந்தும் கசக்கும் ரைஹானாகவே இருக்கும்.

அறிந்ததை அறிந்த அளவில் சொல்லவும், அறியாததில் நாவைக் காக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.